சாந்தன் கம் கொண்டு வீட்டில் ஜெல், லோஷன், ஷாம்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் செய்த ஜெல் தண்ணீராக ஓடினாலும், லோஷன் புட்டியில் பிரிந்து நின்றாலும் பலரும் தேடிப் போவது சாந்தன் கம் என்ற வெண்ணிறப் பொடியைத்தான். அதன் வேலை ஒன்றே ஒன்று: தண்ணீரைக் கெட்டியாக்குவது. எண்ணெயையும் நீரையும் அது இணைத்து வைக்காது. பொருளைக் கெடாமல் காக்கவும் செய்யாது. இந்த இரண்டையும் அதனிடம் எதிர்பார்ப்பதுதான் வீட்டுத் தயாரிப்புகளில் வரும் பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம்.

கீழே வரும் அளவுகள் எல்லாம் எடை அளவுகள். 1% என்றால் 100 கிராம் தயாரிப்பில் 1 கிராம்.

சாந்தன் கம் என்றால் என்ன? அதை இயற்கைப் பொருள் என்று சொல்லலாமா?

முட்டைக்கோஸ் குடும்பச் செடிகளில் கருப்பு அழுகல் நோயை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் கம்பெஸ்ட்ரிஸ் என்ற பாக்டீரியா, தன்னைச் சுற்றி ஒரு வழவழப்பான பசையைச் சுரக்கிறது. அந்தப் பசைதான் இது. சர்க்கரைக் கரைசலில் அந்தப் பாக்டீரியாவை வளர்த்து, நொதித்த கலவையைச் சூடாக்கி அதைக் கொன்றுவிட்டு, ஆல்கஹால் ஊற்றிப் பசையைப் பிரித்தெடுத்து, உலர்த்தி அரைக்கிறார்கள். 1950களில் அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகத்தில் தொடங்கிய ஆராய்ச்சி இது. 1969-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதை உணவில் சேர்க்க அனுமதித்தது. சாஸ், ஐஸ்கிரீம் டப்பாக்களில் ‘415’ என்ற எண்ணைப் பார்த்தால் அது இதுதான்.

செடியிலிருந்து நேரே பறித்ததுதான் இயற்கை என்பவருக்கு இது அந்தக் கணக்கில் வராது. நொதித்தலில் கிடைப்பதையும் இயற்கையில் சேர்ப்பவருக்கு வரும். காஸ்மாஸ் போன்ற இயற்கை அழகுசாதனச் சான்றிதழ்கள் இதை ஏற்கின்றன.

கேக் சாமான் கடையில் கிடைக்கும் சாந்தன் கம்மையே வாங்கலாமா?

தாராளமாக. உணவுத் தரத்துப் பொடியில் செய்த ஜெல் லேசாக மங்கலாக இருக்கும், அவ்வளவுதான். கண்ணாடிபோலத் தெளிவாக வேண்டுமென்றால் அழகுசாதன மூலப்பொருள் விற்பவர்களிடம் ‘டிரான்ஸ்பரன்ட்’ அல்லது ‘கிளியர்’ என்று கேட்டு வாங்குங்கள். லோஷன், ஷாம்பு எப்படியும் வெண்மையாகவோ பழுப்பாகவோ இருக்கப்போகிறது. அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

பொடியின் நைஸையும் கவனியுங்கள். மெஷ் என்பது அதைச் சலித்த சல்லடையின் எண், எண் கூடினால் பொடி நைஸாகும். 80 மெஷ் சற்றுக் கரகரப்பு. மெதுவாக ஊறும், ஆனால் கட்டி விழுவது குறைவு. 200 மெஷ் மாவுபோல இருக்கும். வேகமாக ஊறும், அதே வேகத்தில் கட்டியும் தட்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு 80 மெஷ் சௌகரியம்.

எவ்வளவு சேர்க்க வேண்டும்?

நினைப்பதைவிடக் குறைவாக. இந்தப் பக்கத்திலிருந்து ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

0.1 முதல் 0.2% வரை சேர்த்தால் தண்ணீருக்குக் கொஞ்சம் உடம்பு வரும். டோனர் உள்ளங்கையிலிருந்து வழியாமல் நிற்க அது போதும். லோஷனில் 0.2 முதல் 0.4% வரை. சீரம் என்றால் 0.3 முதல் 0.5%. பம்பு புட்டியில் வரும் ஜெல்லுக்கு 0.7 முதல் 1%. முகத்தில் பூசிக் கழுவும் ஜெல் மாஸ்குக்கு 1.5% வரை போகலாம். அதற்கும் மேலே போனால் கெட்டித்தன்மை கூடுவதைவிட வழவழப்புதான் கூடும்.

தேக்கரண்டிக் கணக்கு இங்கே உதவாது. ஒரு தேக்கரண்டி சாந்தன் கம் ஏறக்குறைய 2.5 முதல் 3 கிராம் வரும். தலை தட்டியதா, குவிந்ததா என்பதைப் பொறுத்து இன்னும் மாறும். 100 கிராம் லோஷனுக்குத் தேவை 0.3 கிராம். அரைச் சிட்டிகை கூடினாலே சரக்கு வேறாகிவிடும். 0.01 கிராம் வரை காட்டும் சிறு டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நகை எடை போடும் சிறு தராசே மலிவாகக் கிடைக்கிறது.

தண்ணீரில் போட்டதும் கட்டி கட்டியாகிவிடுகிறதே?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. பொடி தண்ணீரைத் தொட்ட நொடியிலேயே அதன் வெளிப்பக்கம் ஊறிப் பசையாகிவிடுகிறது. அந்தப் பசை உள்ளே இருக்கும் காய்ந்த பொடியை மூடிக்கொள்வதால் தண்ணீர் மேற்கொண்டு நுழைய வழியில்லை. மீன் கண் மாதிரியான அந்த உருண்டைகளை எவ்வளவு நேரம் கிளறினாலும் கரையாது. வடிகட்டி எடுத்தாலோ, அளந்து போட்டதில் ஒரு பங்கு வெளியே போய்விடுகிறது. பிறகு ஜெல் நீர்த்துத்தான் இருக்கும்.

பொடித்துகள்கள் ஒன்றையொன்று தொடாதபடி முதலிலேயே பிரித்துவைப்பதுதான் வழி. அதற்குக் கிளிசரின் கைகொடுக்கும். கிளிசரினில் சாந்தன் கம் ஊறாது, மிதந்து பரவி மட்டும் நிற்கும்.

நன்றாகத் துடைத்துக் காய்ந்த சிறு கிண்ணத்தில் பொடியை எடையிட்டுப் போடுங்கள். பொடியைப்போல் 5 மடங்கு கிளிசரின் ஊற்றிக் குழையுங்கள். காய்ந்த துகள் ஒன்றும் தென்படாமல் வழுவழுவென்று வரவேண்டும். இன்னொரு பாத்திரத்தில் தண்ணீரைச் சுழலச் சுழலக் கிளறிக்கொண்டே இந்தக் குழம்பை ஒரே வீச்சில் ஊற்றுங்கள். தண்ணீரை எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றினால் மறுபடி கட்டிதான். இரண்டு நிமிடம் கிளறிவிட்டு 20 நிமிடம் விடுங்கள், திரும்ப ஒருமுறை கிளறுங்கள்.

கிண்ணமோ கரண்டியோ சற்று ஈரமாக இருந்தால்கூட அங்கேயே கட்டி பிடிக்கத் தொடங்கிவிடும். கிளிசரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதேபோன்ற திரவமான புரொப்பேன்டயால் எடுத்துக்கொள்ளலாம். லோஷன் செய்வதாக இருந்தால், அதில் சேரப்போகும் எண்ணெயிலிருந்தே கொஞ்சம் எடுத்துக் குழைத்தாலும் சரிதான்.

கட்டி விழுந்த பிறகு காப்பாற்ற வேண்டுமா? மூடி வைத்து இரவு முழுக்க ஃபிரிட்ஜில் விட்டுவிடுங்கள். சிறு கட்டிகள் தாமாக ஊறிக் கரைந்துவிடும். பெரியவை இருந்தால் ஹேண்ட் பிளெண்டரை அரை நிமிடம் ஓட்டலாம். நுரை வந்தே தீரும்.

சோதித்துப் பார்க்க ஓர் எளிய செய்முறை சொல்லுங்கள்.

100 கிராம் சாதா ஜெல்லுக்கு: காய்ச்சி வடித்த நீர் 93.2 கிராம், கிளிசரின் 5 கிராம், சாந்தன் கம் 0.8 கிராம், ஃபீனாக்ஸிஎத்தனாலும் எத்தில்ஹெக்ஸைல்கிளிசரினும் கலந்த திரவ பிரிசர்வேட்டிவ் (கெடாமல் காக்கும் பொருள்) 1 கிராம்.

மேலே சொன்னபடி கிளிசரினில் குழைத்துத் தண்ணீரில் விடுங்கள். ஊறிய பின் பிரிசர்வேட்டிவைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். ஆல்கஹாலில் துடைத்துக் காயவைத்த பம்பு புட்டியில் நிரப்புங்கள். சூடு எதுவும் வேண்டாம். தலைமுடியை அடக்கவும், வேறு பொருள்களைச் சேர்த்துப் பார்க்கும் அடித்தளமாகவும் இது பயன்படும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு வார்த்தை. பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி தண்ணீர் வேண்டாம். உப்பு நீக்கியது என்றாலும் தோலில் பூசும் அளவுக்குச் சுத்தமானது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. மருந்துக்கடையிலோ ஆய்வகப் பொருள் கடையிலோ கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரை வாங்குங்கள். போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், அதில் பொடி ஊற நேரமாகும்.

கலந்து அரை மணி ஆயிற்று, இன்னும் நீர்த்தே இருக்கிறது. கொஞ்சம் கூடப் போடலாமா?

போடாதீர்கள். ஊறி முடிய இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகும், குளிர்ந்த நீரில் இன்னும் தாமதம். அவசரப்பட்டுக் கூடுதலாகப் போட்டவர்கள் மறுநாள் காலையில் பம்பில் ஏறாத ஜெல்லோடு நிற்கிறார்கள். ஒரு நாள் விட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று: கிளறும்போது இளகுவதும், நிறுத்தினால் கெட்டிப்படுவதும் இதன் சுபாவம். பம்பை அழுத்தினால் சுலபமாக வந்து, உள்ளங்கையில் விழுந்ததும் நிற்பது அதனால்தான். ஆகவே கிளறிக்கொண்டிருக்கும்போது பதம் பார்க்கக் கூடாது.

ஜெல் முழுக்கக் காற்றுக் குமிழி. எப்படிப் போக்குவது?

முகம் தேய்க்கும் ஸ்க்ரப்பில் அக்ரூட் ஓட்டுத் துகளை அடியில் இறங்கவிடாமல் தாங்கும் அதே கெட்டித்தன்மைதான் குமிழியையும் மேலே வரவிடாமல் பிடித்துவைக்கிறது. வந்த பின் விரட்டுவது சிரமம், வராமல் பார்ப்பது சுலபம். பிளெண்டரைத் தவிர்த்து மெல்ல கையால் கிளறுங்கள். பிளெண்டர் வேண்டியே இருந்தால் அதன் தலை முழுவதும் முங்கியிருக்க வேண்டும். அப்படியும் வந்துவிட்டால் அகலப் பாத்திரத்தில் மெல்லிய படலமாக ஊற்றி மூடி, ஒரு ராத்திரி விடுங்கள். மீதி இருப்பதால் அழகுதான் கெடும், வேறு கெடுதல் இல்லை.

தொட்டால் நூல் நூலாக இழுபடுகிறது, கொழகொழவென்று இருக்கிறது.

அளவு அதிகம். 1% போட்டிருந்தால் 0.6-க்கு இறக்குங்கள். பதம் குறையக் கூடாது என்றால் சாந்தன் கம் பாதி, குவார் கம் (கொத்தவரை விதையின் பசைப்பொடி) பாதி என்று கலவுங்கள். இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாகத் தருவதைவிட அதிகக் கெட்டி கிடைக்கும், அதனால் மொத்த அளவையும் குறைக்கலாம். ஹைட்ராக்ஸிஎத்தில் செல்லுலோஸ் என்ற இன்னொரு கெட்டிப்பான் கிடைத்தால் அது இன்னும் நேர்த்தியான வழி. நூல் இழுப்பு அதில் குறைவு, தெளிவும் நன்றாக இருக்கும்.

முகத்தில் தேய்த்தால் வெள்ளைத் துணுக்குகளாக உருண்டு வருகிறதே?

சாந்தன் கம் காயும்போது தோலில் மெல்லிய ஏடு படிகிறது. படிந்த ஏட்டின்மேல் மறுபடி தேய்த்தால் அது உரிந்து உருளும். அழுக்கோ செத்த தோலோ அல்ல. ‘தோல் சுத்தமாகிறது’ என்று விற்பவர் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முகத்தில் தங்கும் பொருள்களில் 0.5%-க்குள் நிறுத்துங்கள், கிளிசரின் 3% முதல் 5% வரை இருக்கட்டும், ஒன்றின்மேல் ஒன்று பூசும்போது முந்தையது காய இரண்டு நிமிடம் கொடுங்கள். கீழே பூசிய சன்ஸ்கிரீனில் சிலிக்கோன் இருந்தால் உருளுவது அதிகமாகும்.

கற்றாழை ஜெல், தேங்காய் எண்ணெய், சாந்தன் கம் மூன்றையும் அடித்தால் கிரீம் ஆகுமா?

அடித்த அன்றைக்குப் பார்த்தால் கிரீம்தான். எண்ணெய்த் துளிகள் கெட்டியான நீரில் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆனால் அந்தத் துளிகளைத் தனித்தனியாக வைத்திருக்க எமல்சிஃபையர், அதாவது எண்ணெயையும் நீரையும் இணைக்கும் பொருள், இல்லை. அவை மெல்ல ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, சில நாளிலோ சில வாரத்திலோ மேலே எண்ணெய் மிதக்கும். சாந்தன் கம்மைக் கூட்டினால் பிரிவது தள்ளிப்போகும், நிற்காது.

உண்மையான லோஷனுக்கு எமல்சிஃபையிங் வேக்ஸ் வேண்டும். 100 கிராமுக்கு ஒரு கணக்கு இதோ. எண்ணெய்ப் பகுதியில் நல்லெண்ணெய் அல்லது பாதாம் எண்ணெய் 12 கிராம், எமல்சிஃபையிங் வேக்ஸ் 5 கிராம், சீட்டைல் ஆல்கஹால் (பெயர்தான் ஆல்கஹால், மெழுகுபோன்ற பொருள்) 2 கிராம். நீர்ப் பகுதியில் காய்ச்சி வடித்த நீர் 76.7 கிராம், கிளிசரின் 3 கிராம், சாந்தன் கம் 0.3 கிராம். ஆறிய பின் சேர்க்க, முன்பு சொன்ன திரவ பிரிசர்வேட்டிவ் 1 கிராம்.

சாந்தன் கம்மைக் கிளிசரினில் குழைத்து நீரில் ஊறவிட்ட பிறகே அடுப்பு. இரு பகுதிகளையும் தனித்தனிக் கண்ணாடிக் குவளைகளில், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி, 70 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குங்கள். ஆவியாகிப் போன நீரின் எடையைப் பார்த்து, அதைச் சூடான நீராகவே ஈடுகட்டுங்கள். எண்ணெய்ப் பகுதியை நீரில் ஊற்றி பிளெண்டரால் ஒன்றரை நிமிடம் அடியுங்கள். பிறகு கரண்டியால் விட்டுவிட்டுக் கிளறி, 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் பிரிசர்வேட்டிவ். சூட்டோடு இருக்கும்போது லோஷன் பாலாகத்தான் ஓடும். சீட்டைல் ஆல்கஹால் இறுகிப் பதம் வர ஒரு நாள் ஆகும்.

0.3 கிராம் சாந்தன் கம்முக்கு இங்கே என்ன வேலை என்று தோன்றலாம். சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரிக்கு ஏறும்போது எண்ணெய்ப் பகுதி இளகும். சாந்தன் கம்மின் கெட்டித்தன்மையோ வெப்பத்தில் அவ்வளவாக மாறுவதில்லை. கோடையிலும் லோஷன் பிரியாமல் நிற்பதற்கு அதுவே காவல்.

எந்தெந்தப் பொருளோடு இது சேராது?

முதலில் கண்டிஷனர். சாந்தன் கம் எதிர்மின்சுமை உடையது. முடியை மிருதுவாக்கும் பெஹென்ட்ரைமோனியம், சீட்ரைமோனியம் வகைகள் நேர்மின்சுமை உடையவை. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரிந்துவிடும். அதற்கு மின்சுமை இல்லாத சாதாரண குவார் கம் அல்லது ஹைட்ராக்ஸிஎத்தில் செல்லுலோஸ்தான் சரி.

அடுத்து ஆல்கஹால். தொழிற்சாலையில் பசையைப் பிரித்தெடுக்கவே ஆல்கஹால் ஊற்றுகிறார்கள் என்று முன்னே பார்த்தோம். கலவையில் பாதிக்கு மேல் ஆல்கஹால் ஏறினால் உங்கள் கிண்ணத்திலும் அதுவேதான் நடக்கும். சானிடைசர் ஜெல்லுக்கு இது ஆகாததற்குக் காரணம் அதுவே.

வைட்டமின் சி வேறு விதம். அமிலத்தைச் சாந்தன் கம் நன்றாகத் தாங்கும். பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 3-லும் நிற்கும். ஆனால் அஸ்கார்பிக் அமிலமும் நீரிலுள்ள துளி இரும்போ செம்போ சேர்ந்தால் பசையின் நீண்ட சங்கிலிகளை அறுத்துவிடும். சீரம் வாரக்கணக்கில் நீர்த்துக்கொண்டே போவது அதனால்தான். சிறு அளவில் செய்து சீக்கிரம் தீர்ப்பது நல்லது.

உப்பு பிரச்சினை இல்லை, வரிசைதான் முக்கியம். பசை ஊறிய பின் உப்பைச் சேருங்கள். முதலிலேயே உப்பு நீரில் போட்டால் ஊற வெகு நேரமாகும்.

பூந்திக்கொட்டைத் தண்ணீர் கண்ணில் வழிகிறது. கெட்டியாக்க முடியுமா?

முடியும். சாந்தன் கம்முக்கு வீட்டில் இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. பூந்திக்கொட்டைச் சாறு நீர்போல இருப்பதால் தலையில் நிற்காமல் நெற்றி வழியே இறங்கிக் கண்ணை எரிக்கும். 0.7% சேர்த்தால் முடியில் நின்று வேலை செய்யும்.

விதை நீக்கிய ஓடு 50 கிராமை 500 மில்லி நீரில் இரவு ஊறவைத்து, மறுநாள் சிறு தீயில் 20 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பொங்கி வழியும், ஆகவே ஆழமான பாத்திரம். ஆறவைத்துக் கசக்கி, மெல்லிய துணியில் இரண்டு முறை வடியுங்கள். அந்தச் சாறு 226 கிராம் எடுங்கள். சாந்தன் கம் 1.75 கிராமை 10 கிராம் கிளிசரினில் குழைத்து அதில் விடுங்கள். கையால் மட்டும் கிளறுங்கள். பிளெண்டர் வைத்தால் பாத்திரம் முழுக்க நுரைதான். ஊறிய பின், 10 கிராம் நீரில் கரைத்த சோடியம் பென்சோயேட் 1.25 கிராமும் பொட்டாசியம் சார்பேட் 0.75 கிராமும் சேருங்கள். மொத்தம் ஏறக்குறைய 250 கிராம் வரும்.

அதற்குப் பின் பிஎச் தாளில் பாருங்கள். 5-க்கு மேல் காட்டினால் சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு 4.5 முதல் 5-க்குள் கொண்டுவாருங்கள். இந்த இரண்டு பிரிசர்வேட்டிவும் அமிலச் சூழலில்தான் வேலை செய்யும். பிஎச் ஏறினால் இருந்தும் இல்லாததுபோல்தான். எல்லாம் சரியாகச் செய்தாலும் மூலிகைச் சாறு என்பது கிருமிக்கு விருந்து. ஃபிரிட்ஜில் வையுங்கள், ஒரு மாதத்தில் முடித்துவிடுங்கள். சீயக்காய்ச் சாற்றுக்கும் இதே முறை பொருந்தும், வடிகட்டுவதில் மட்டும் இன்னும் பொறுமை தேவை.

வைட்டமின் ஈ அல்லது வேப்பெண்ணெய் சேர்த்தால் பிரிசர்வேட்டிவ் வேண்டாம்தானே?

வேண்டும். வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் தடுக்கும். பாக்டீரியாவையோ பூஞ்சையையோ அது தொடாது. வேப்பெண்ணெய், டீ ட்ரீ எண்ணெய் இரண்டுமே, தோல் தாங்கும் அளவில் சேர்க்கும்போது ஒரு நீர்ச்சரக்கைக் காக்கப் போதாது. சாந்தன் கம் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது, ஜெல்லில் பெரும்பகுதி தண்ணீர். கிருமி வளர வேண்டியதெல்லாம் அங்கேயே இருக்கிறது. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும் முன்பே அது பெருகிவிடும்.

பிரிசர்வேட்டிவ் வேண்டவே வேண்டாம் என்றால் ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளில் தீர்த்துவிடும் அளவு மட்டும் செய்யுங்கள். கண்ணைச் சுற்றிப் பூசாதீர்கள், காயத்தின்மேல் பூசாதீர்கள். அல்லது தண்ணீரே இல்லாத தைலம், பாம் வகைகளுக்குப் போங்கள்.

ஃபீனாக்ஸிஎத்தனால் அளவு 1%-ஐத் தாண்டக் கூடாது. ஐரோப்பிய விதியின் உச்ச வரம்பு அது.

சாந்தன் கம்முக்குப் பதிலாக நம் அடுக்களையில் இருப்பதையே பயன்படுத்தலாமா?

சிலது நன்றாக வேலை செய்யும், சிலது ஏமாற்றும்.

குவார் கம் கொத்தவரை விதையின் உட்பருப்பிலிருந்து எடுப்பது. நாம் பொரியல் செய்யும் அதே கொத்தவரைதான். இதற்கென்றே ராஜஸ்தானில் பெருமளவு விளைகிறது. குளிர்ந்த நீரிலேயே ஊறும், 0.5 முதல் 1% போதும். லேசான பயறு வாடையும் மங்கலும் உண்டு. அதிக அமிலத்தில் நாளடைவில் நீர்த்துப்போகும். வெண்காரம் பட்டால் ரப்பர்போல இறுகிவிடும்.

ஆளி விதை ஜெல் சுருட்டை முடிக்காரர்களின் விருப்பம், காரணத்தோடுதான். 30 கிராம் விதையை 300 மில்லி நீரில் சிறு தீயில் 8 முதல் 10 நிமிடம், முட்டை வெள்ளைக்கருப் பதம் வரும்வரை கிளறிக் காய்ச்சுங்கள். சூடாக இருக்கும்போதே நைலான் துணியில் வடித்துவிட வேண்டும். ஆறிவிட்டால் துணியில் இறங்காது. ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

வெந்தயத்தின் பசை குவார் கம்மோடு ஒரே குடும்பம். ஊறவைத்து அரைத்துத் தலையில் தேய்க்கும் பழக்கத்துக்குப் பின்னால் இருப்பது அந்தப் பசைதான். செம்பருத்தி இலையைக் கசக்கினால் வரும் வழவழப்பும் நல்ல கெட்டிப்பான். இரண்டையும் அன்றன்றைக்குச் செய்து அன்றைக்கே கழுவிவிடுவது உத்தமம். புட்டியில் அடைக்கும் சரக்கு அல்ல அவை.

கருவேலம் பிசின் நன்றாகக் கரையும், ஆனால் கெட்டியாக்காது. 30%-க்கு மேல் போட்டால்தான் பதம் தெரியும், அதற்குள் முகத்தில் ஒட்டத் தொடங்கிவிடும். பாதாம் பிசின் பலமடங்கு ஊதும். ஆனாலும் துண்டு துண்டாகவே நிற்கும், ஜிகர்தண்டாவுக்கு அதுதான் அழகு, லோஷனுக்கு அல்ல. சோள மாவு, மைதா கூழ் வேண்டாம், சீக்கிரம் புளித்துவிடும்.

எண்ணெயைக் கெட்டியாக்க இது உதவுமா?

உதவாது. எண்ணெயில் சாந்தன் கம் மணல்போல அடியில் உட்கார்ந்துவிடும். எண்ணெய்க்குத் தேன்மெழுகு. அது 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். 20 கிராம் மெழுகுக்கு 80 கிராம் எண்ணெய் என்றால் விரலில் எடுக்கும் பதம். கோடையில் பையில் வைத்துத் திரியும் உதட்டு பாமுக்கு 25 கிராம் மெழுகு, 75 கிராம் எண்ணெய். தேங்காய் எண்ணெய் 25 டிகிரியை ஒட்டி உருகிவிடும் என்பதால் மெழுகைக் குறைக்காதீர்கள்.

நன்றாக இருந்த ஜெல் இரண்டு வாரத்தில் நீர்த்துவிட்டது. மறுபடி பொடி சேர்த்தால் சரியாகுமா?

வைட்டமின் சி சேர்த்திருந்தால் காரணம் மேலே இருக்கிறது. இல்லையென்றால் கிருமி பசையைத் தின்று உடைத்திருக்கிறது என்றே கொள்ளுங்கள். வாடையோ நிறமாற்றமோ இல்லாவிட்டாலும் கொட்டிவிடுங்கள். பொடி சேர்த்தால் பதம் திரும்பும், கிருமி போகாது. அடுத்த முறை புட்டியையும் கரண்டியையும் ஆல்கஹாலில் துடைத்தீர்களா, பிரிசர்வேட்டிவை எடையிட்டுப் போட்டீர்களா, விரல் விட்டு எடுக்கும் டப்பாவுக்குப் பதில் பம்பு புட்டி எடுத்தீர்களா என்று பாருங்கள்.

ஒவ்வாமை வருமா?

சாந்தன் கம்மால் வருவது அரிது. தோல் எரிந்தால் பிரிசர்வேட்டிவையோ வாசனை எண்ணெயையோ முதலில் சந்தேகப்படுங்கள். முழங்கையின் உட்பக்கம் பூசி 24 மணி நேரம் பார்த்த பிறகு முகத்துக்குப் போங்கள். சில தயாரிப்பாளர்கள் பாக்டீரியாவை வளர்க்கச் சோளம், கோதுமை, சோயா வழி வந்த சர்க்கரையைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றுக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்கள் விற்பவரிடம் கேட்டு வாங்கவும். எடை போடும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், பொடி பறந்து மூக்கில் ஏறும்.

நன்றாக வந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் விற்கலாமா?

சொந்த உபயோகத்துக்குச் செய்வது வேறு, விற்பது வேறு. இந்தியாவில் விற்பனைக்காக அழகுசாதனம் தயாரிக்க 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். ‘ஹோம்மேட்’ என்று லேபிளில் எழுதிக்கொண்டால் விலக்கு கிடைப்பதில்லை. அடுக்களையில் செய்ததை உரிமம் இல்லாமல் விற்காதீர்கள். உரிமம் உள்ள தயாரிப்பாளரிடம் உங்கள் செய்முறையைக் கொடுத்துச் செய்யவைப்பது பலர் எடுக்கும் வழி.

பொடி தரையில் கொட்டிவிட்டது. ஈரத் துணியால் துடைக்கலாமா?

கூடாது. தண்ணீர் பட்டதும் தரை முழுவதும் வழுக்கும், துடைக்கத் துடைக்கப் பரவும். முதலில் காய்ந்த துணியாலோ துடைப்பத்தாலோ பொடியை முழுவதுமாக எடுத்துவிட்டு, மிச்சம் இருக்கும் மெல்லிய படலத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பாத்திரத்தில் ஒட்டிய ஜெல்லையும் முதலில் காகிதத்தால் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் கழுவ வேண்டும்.